குரங்கு மூளை லேப்ல நிஜமா என்ன நடக்குது, இன்ஜினியரிங் படிச்சவன் அதுக்குள்ள வர முடியுமா?

மூணாவது வருஷம் ஈசிஇ படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டது இது: "குரங்கு மண்டைல ஏதோ பொருத்தி வச்சிருக்கற போட்டோ பாத்தேன், அத வச்சு என்னதான் கண்டுபிடிக்கறாங்க, எலி பத்தாதா, அப்புறம் நான் பயாலஜிய பத்தாவதோட விட்டவன், நியூரோசயின்டிஸ்ட் ஆக முடியுமா?" ஒரே மூச்சுல மூணு கேள்வி. நானும் ஈஇஇ முடிச்சவன்தான், வெளிநாட்டுல ஒரு குரங்கு லேப்ல பிஎச்டி, அப்புறம் இன்னொரு லேப்ல போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை), ஆக மொத்தம் ஒம்போது வருஷம் இதுலயே ஓடுச்சு. லேப் பேரு ஊரு பேரெல்லாம் சொல்லப் போறதில்ல. குரங்கு லேப் வாசல்ல போர்டு கூட இருக்காது, ஏன்னு போகப் போகப் புரியும்.

முதல்ல குரங்குன்னா எந்தக் குரங்குன்னு தெளிவு பண்ணிடறேன். சிம்பன்ஸி, கொரில்லா எல்லாம் இல்ல. ஐரோப்பால 2010 சட்டம் வந்ததுலேர்ந்து அதுங்கள தொடறது கிட்டத்தட்ட முடியாத காரியம், அமெரிக்காவுலயும் 2015ல என்ஐஎச்ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு சிம்பன்ஸி ஆராய்ச்சிக்கு மூடுவிழா நடத்திட்டாங்க. இந்தத் துறைல குரங்குன்னா பெரும்பாலும் மக்காக். வட இந்தியால திரியுற ரீசஸ், தென்கிழக்கு ஆசியா பக்கம் இருக்கற நீளவால் மக்காக், அப்புறம் நம்ம கோயில்ல தேங்கா மூடிய பிடுங்கிட்டு ஓடுமே, வகிடு எடுத்து சீவுன மாதிரி முடியோட, அந்த பானெட் மக்காக். பெங்களூர் ஐஐஎஸ்சில அதத்தான் வச்சு வேலை பண்றாங்க. போதாததுக்கு இப்ப மார்மொசெட்னு அணில் சைஸ் குரங்கு ஒண்ணும் பிரபலம் ஆயிட்டு வருது.

எலி பத்தாதான்னா, பல விஷயத்துக்கு தாராளமா பத்தும், உலகத்துல மிருகங்கள வச்சு நடக்கற மூளை ஆராய்ச்சில பெரும்பங்கு எலில தான் நடக்குது. ஆனா ஒண்ணு யோசிங்க. நீங்க இத படிக்கும்போது உங்க கண்ணு வழவழன்னு ஓடல, ஒரு வார்த்தைல நின்னு, டக்குனு தாவி, அடுத்ததுல நின்னு, அப்படித்தான் போகுது. ஏன்னா நம்ம விழித்திரைல நடுவுல ஃபோவியான்னு ஒரு துளியூண்டு இடத்துலதான் கூர்மையா தெரியும், அத எங்க திருப்பணும்னு மூளை நொடிக்கு ரெண்டு மூணு தடவ முடிவு பண்ணிட்டே இருக்கு. எலிக்கு ஃபோவியாவே கிடையாது, மக்காக்குக்கு நம்மள மாதிரியே இருக்கு. நிறம் பாக்கறது, முகம் அடையாளம் கண்டுக்கறது, விரல் நுனில திராட்சைய எடுக்கறது, இதெல்லாமும் அப்படித்தான். மக்காக் மூளை வெறும் 90 கிராம் தான், ஆனா நியூரான், அதாவது மூளை நரம்பு செல், கணக்கு சுமார் 640 கோடி, சுண்டெலிக்கு 7 கோடி, நமக்கு 8,600 கோடி.

அப்ப மனுஷன்லயே பாத்துடலாமேன்னு அடுத்து கேப்பீங்க. மூளைய ஸ்கேன் பண்ற எஃப்எம்ஆர்ஐல ஒரு சின்ன புள்ளின்னு காட்டுறதுக்குள்ளயே லட்சக்கணக்குல நியூரான் இருக்கும், அதுவும் அது காட்டுறது ரத்த ஓட்டத்த, சில நொடி லேட்டா. ஒத்த நியூரான் இந்த மில்லிசெகண்ட்ல என்ன சொல்லுச்சுன்னு மனுஷன்கிட்ட கேக்கணும்னா, வலிப்பு ஆபரேஷனுக்காக டாக்டருங்க ஏற்கெனவே எலக்ட்ரோட் (சிக்னல் எடுக்கற மெல்லிசான ஒயர்) வச்ச பேஷண்ட்டு, இல்ல கை கால் விளங்காம போய் இம்ப்ளான்ட் வச்சிக்கிட்டவங்க, இவங்ககிட்டதான் முடியும். அதுவும் டாக்டர் எங்க வச்சாரோ அங்க மட்டும்தான்.

சரி, போட்டோல பாத்த அந்த சமாச்சாரத்துக்கு வருவோம். அத பொருத்தறதுக்கு முன்னாடியே மாசக்கணக்குல ஒரு வேலை இருக்கு, அத யாரும் போட்டோ எடுக்கறதில்ல. குரங்குக்கு ட்ரெயினிங் குடுக்கறது. கூண்டுலேர்ந்து தானா வந்து நாற்காலில உக்காரணும், இதுக்கே பல வாரம் ஆவும், உலர்திராட்சையும் பொறுமையும் தவிர வேற வழி இல்ல. அப்புறம் ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி வந்தா அத பாத்துக்கிட்டே இருக்கணும், பார்வைய எடுக்காம. பாத்தா வாய்கிட்ட இருக்கற குழாய்ல ஒரு சொட்டு ஜூஸ், வால்வு 'டிக்'னு திறக்கும், அவ்ளோதான் கூலி. லேப் ஆளுங்க ஒரு நாள்ல ஆயிரம் 'டிக்' கேப்போம், எனக்கு இப்பவும் கேஸ் அடுப்பு லைட்டர் சத்தம் கேட்டா ஒரு செகண்ட் லேப் ஞாபகம் வரும்.

இந்த ஜூஸுக்கு குரங்கு ஆசைப்படணும்னா அதுக்கு தாகம் இருக்கணும், அதனால தண்ணிய கணக்கு பண்ணிக் குடுப்பாங்க. இது தான் வெளில இருந்து பாக்கறவங்களுக்கு ரொம்ப உறுத்தற இடம், உறுத்தணும், தப்பில்ல. தினமும் எடை பாக்கணும், வேலை செஞ்சாலும் செய்யலேன்னாலும் குறைஞ்சபட்சம் இவ்வளவு தண்ணி போயாகணும்னு கணக்கு இருக்கு, எடை இறங்குனா வெட்னரி டாக்டர் வந்து அன்னிக்கு வேலைய நிறுத்திடுவாங்க. அவங்க ஒரு வார்த்த சொன்னா ப்ரொஃபசரே வாய மூடிக்கணும்.

எனக்கு ஒதுக்குன முதல் குரங்கு பேரு பிஸ்கட். ஆம்பள ரீசஸ், எட்டரை கிலோ. அவனுக்கு நான் சொல்லிக்குடுக்க வேண்டிய வேலை இந்தத் துறைல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு: ஸ்க்ரீன்ல நூத்துக்கணக்குல வெள்ளப் புள்ளிங்க கன்னாபின்னான்னு அலையும், அதுல கொஞ்சம் மட்டும் ஒரே திசைல நகரும், மொத்தக் கூட்டமும் இடது பக்கம் போகுதா வலது பக்கம் போகுதான்னு கண்ணால அந்தப் பக்கம் தாவிக் காட்டணும். சேந்து நகர்ற புள்ளிங்கள குறைச்சிக்கிட்டே வந்தா கேள்வி கஷ்டமாகும், பழைய டிவில சிக்னல் இல்லாதப்ப வர்ற எறும்பு ஊர்ற படத்துல ஒரு திசைய கண்டுபிடிக்கற மாதிரி.

பிஸ்கட் ஒரு மாசத்துல 67 சதவீதம் வந்துட்டான். சும்மா குருட்டாம்போக்குல அடிச்சா 50, ஆக பய கத்துக்கிட்டு இருக்கான்னு எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரமும் 67. அதுக்கடுத்த வாரமும் 66, 67, 67. நான் புள்ளிய பெருசாக்குனேன், வேகத்த மாத்துனேன், ஜூஸ ஆப்பிள்லேர்ந்து ஆரஞ்சுக்கு மாத்துனேன், கிராஃப் போட்டு வாராவாரம் மீட்டிங்ல காட்டுனேன். அசையல. ஆறு வாரம் கழிச்சு லேப்ல இருந்த சீனியர் அக்கா ஒருத்தங்க காபி கப்போட என் ரூமுக்கு வந்து அஞ்சு நிமிஷம் நின்னு பாத்தாங்க. "புள்ளிங்கள ஆஃப் பண்ணு"ன்னாங்க. என்னக்கா சொல்றீங்க, எத பாத்து பதில் சொல்லுவான்னு கேட்டேன். "ஆஃப் பண்ணுடா". பண்ணேன். கறுப்பு ஸ்க்ரீன், நடுவுல பார்வைய நிறுத்தற புள்ளி, ரெண்டு பக்கமும் பதில் சொல்ற புள்ளி, வேற ஒண்ணுமே இல்ல. நூறு ட்ரையல், அதாவது நூறு தடவ கேள்வி, ஓடுச்சு. 67.

நடந்தது என்னன்னா, குரங்கு தப்பு பண்ணா மனசு விட்டுடக் கூடாதுன்னு நான் ப்ரோக்ராம்ல ஒண்ணு எழுதி வச்சிருந்தேன், தப்பா சொன்னா அதே கேள்வி மறுபடி வரும், சரியா சொன்னாதான் அடுத்த கேள்வி. பிஸ்கட் இத மோப்பம் பிடிச்சிட்டான். எப்பவும் முதல்ல இடது. ஜூஸ் வந்தா சரி, வரலேன்னா அடுத்தது அதே கேள்விதான, வலது. கணக்கு போட்டுப் பாருங்க: ரெண்டு புதுக் கேள்வி வந்தா ஒண்ணு இடதுல சரி, ஒண்ணு தப்பு, அந்தத் தப்பு திரும்ப வரும்போது சரி. மூணு தடவைல ரெண்டு சரி, 67 சதவீதம். என் ப்ரோக்ராம் மறுபடி வந்த கேள்வியையும் சேத்து மார்க் போட்டுச்சு. பய ஒரு புள்ளியக் கூட பாக்கல. பாடப் புத்தகத்த தொடாம போன அஞ்சு வருஷ கொஸ்டின் பேப்பர வச்சே பாஸ் பண்ற ஆளுங்கள பாத்திருப்பீங்கல்ல, அந்த ரகம். ஆனா அவன் ஏமாத்துனான்னு சொல்ல முடியாது, நான் என்ன பரீட்சை வச்சேனோ அதுல அவன் பாஸ்.

நியூரோசயின்டிஸ்ட் ட்ரெயினிங்னா என்னன்னு கேட்டா நான் இந்த ஆறு வாரத்ததான் சொல்லுவேன். ஆபரேஷன் பண்றது, எலக்ட்ரோட் இறக்கறது எல்லாம் கைப்பழக்கம், ஒரு வருஷத்துல வந்துடும். நான் கேட்டதா நினைக்கற கேள்விக்குத்தான் எதிர்ல இருக்கற மிருகம் பதில் சொல்லுதா, இல்ல வேற எதுக்காவது சொல்லுதான்னு சந்தேகப்படத் தெரியணும், அது தான் லேசுல வராது.

ஏன்னா நியூரானும் அதே கூத்த பண்ணும். தலை அசையாம இருக்க மண்டையோட்டுல டைட்டானியம்ல ஒரு சின்ன கம்பம், எலக்ட்ரோட் உள்ள போக ஒரு சின்ன வட்டக் குழல், இத ரெண்டையும் தான் நீங்க போட்டோல பாத்திருப்பீங்க. முழு மயக்கத்துல, மனுஷங்களுக்கு பண்ற அதே சுத்தத்தோட பண்ற ஆபரேஷன் அது, அப்புறம் பல நாள் வலி மருந்து. மூளை சதைக்கு வலி உணர்ற நரம்பு கிடையாது, அதனால முடிய விட மெல்லிசான முனை இருக்கற எலக்ட்ரோட் உள்ள இறங்கறது குரங்குக்கு தெரியாது, அது பாட்டுக்கு ஜூஸ் குடிச்சிக்கிட்டு இருக்கும். நாம பக்கத்து ரூம்ல ஸ்பீக்கர்ல காது வச்சிருப்போம். முதல்ல வெறும் இரைச்சல், மைக்ரான் மைக்ரானா இறக்க இறக்க, எண்ணெய் காய்ஞ்சு கடுகு வெடிக்க ஆரம்பிக்குமே, ஒண்ணு ரெண்டா டப்பு டப்புன்னு, அந்த சத்தம். ஒவ்வொரு டப்பும் ஒரு நியூரானோட ஸ்பைக், அதாவது ஒரு மின் துடிப்பு. முதல் தடவ கேட்டப்ப ராத்திரி பத்து மணி, லேப்ல நானும் பிஸ்கட்டும் மட்டும்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முன்னாடி கைய வலது பக்கமா வீசுனேன், படபடன்னு கடுகு மொத்தமா வெடிச்சுது. இடது பக்கமா வீசுனேன், கப்சிப். ஒரு இருபது நிமிஷம் லூசு மாதிரி கைய ஆட்டிக்கிட்டே நின்னேன்.

அந்த இடத்துக்கு எம்டின்னு பேரு, காதுக்குப் பின்பக்கமா உள்ள ஒரு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஒரு சின்னப் பகுதி, அங்க இருக்கற நியூரான்ல பெரும்பாலானதுக்கு நகர்வும் திசையும்தான் பிடிக்கும். ஸ்டான்ஃபோர்டுல வில்லியம் நியூசம், கூட பிரிட்டன், மோவ்ஷன் மூணு பேரும் 1989ல ஒண்ணு காட்டுனாங்க: அந்த எறும்பு ஊர்ற படத்த குரங்கு எவ்வளவு துல்லியமா பாத்து சொல்லுதோ, எம்டில ஒரே ஒரு நியூரானோட ஸ்பைக்க எண்ணி நாம பதில் சொன்னாலும் கிட்டத்தட்ட அதே துல்லியம் வருது, சில நியூரான் குரங்கையே தாண்டிடுது. கோடிக்கணக்குல நியூரான வச்சிக்கிட்டு இருக்கற மிருகமும், அதுல ஒத்த நியூரானும், பரீட்சைல ஒரே மார்க். எனக்கு இது இன்னும் முழுசா ஜீரணம் ஆகல.

ஆனா இப்ப என் சீனியர் அக்கா மாதிரி ஒருத்தர் காபி கப்போட வந்து நிப்பாரு. நியூரான் அடிக்குது, குரங்கு பதில் சொல்லுது, சரி, அந்த நியூரான பாத்துதான் குரங்கு சொல்லுதுன்னு என்ன நிச்சயம்? கோயில் மணி அடிக்கும்போது பஸ் வருதுன்னு மணிதான் பஸ்ஸ இழுத்துட்டு வருதுன்னு சொல்லிடுவீங்களா? அதுக்கு 1990ல சால்ஸ்மன், பிரிட்டன், நியூசம் பண்ணது தான் என்ன பொறுத்தவரைக்கும் இந்தத் துறையோட அழகான பரிசோதனை. எம்டில ஒரே திசைய விரும்புற நியூரானெல்லாம் பக்கத்துல பக்கத்துல குடியிருக்கும், தெருவுக்கு ஒரு திசைன்னு வச்சிக்கங்க. அந்தத் தெருவுக்குள்ள எலக்ட்ரோட வச்சு, புள்ளிங்க ஓடும்போது பாதி ட்ரையல்ல மட்டும் 10 மைக்ரோஆம்ப் கரண்ட் விட்டாங்க. பத்து மைக்ரோஆம்ப்னா எவ்வளவு துக்கடான்னு ஈசிஇக்காரரு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. குரங்கோட பதில் அந்தத் தெரு விரும்புற திசைக்கு சாஞ்சிடுச்சு. ஸ்க்ரீன்ல இல்லாத நகர்வ உள்ளேர்ந்து சேத்து விட்ட மாதிரி. கரண்ட் விட்டதுக்காக ஜூஸ் கூடவும் குடுக்கல, சரியான பதிலுக்கு மட்டும்தான். அதனால தான் அந்த முடிவு நிக்குது.

மனுஷங்கள்ல இதே மாதிரி இடம் அடிபட்டா என்ன ஆகும்னு 1983ல ஜெர்மனிலேர்ந்து ஒரு பேஷண்ட் பத்தி எழுதியிருந்தாங்க. அந்தம்மாவுக்கு நிறம் தெரியும், முகம் தெரியும், நகர்றது மட்டும் தெரியாது. கப்புல ஊத்துனா திரவம் உறைஞ்சு நிக்கற மாதிரி தெரியுமாம், எப்ப நிறுத்தணும்னே தெரியாம வழிஞ்சிடும். தூரத்துல நின்ன கார் திடீர்னு பக்கத்துல நிக்கும், நடுவுல வந்ததே தெரியாது. குரங்குல பாத்த அந்த சின்ன மடிப்பு நமக்கு ரோடு தாண்ட எவ்வளவு முக்கியம்னு அத படிச்சப்பதான் உறைச்சுது.

இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க, எங்க வீட்டுல பெரியப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேப்பாரு, அவருக்கு நான் சொல்றது பார்கின்சன்ங்கற நடுக்குவாத நோயோட கதை. 1982ல கலிஃபோர்னியால சில இளவட்டப் பசங்க திடீர்னு மரம் மாதிரி உறைஞ்சு போய் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, கை கால் அசைக்க முடியல, பேச முடியல, பாத்தா எழுவது வயசு பார்கின்சன் பேஷண்ட் மாதிரியே. லாங்ஸ்டன்னு ஒரு டாக்டர் துப்பு துலக்கி, யாரோ தப்பா காய்ச்சின போலி ஹெராயின்ல இருந்த எம்பிடிபிங்கற கலப்புதான் காரணம்னு பிடிச்சாரு. அத வச்சு பார்கின்சன லேப்ல உருவாக்கிப் பாக்கலாமேன்னு பாத்தா, எலிக்கு அது சரியா ஏறவே இல்ல, குரங்குக்கு அப்படியே மனுஷன் மாதிரி வந்துச்சு. அந்தக் குரங்குங்க மூளைல ஒவ்வொரு முடிச்சா நியூரான் சத்தத்த கேட்டு, சப்தலாமிக் நியூக்ளியஸ்னு ஒரு துக்கடா இடம் ஓவரா கத்துதுன்னு மேஹ்லான் டிலாங் கூட்டம் கண்டுபிடிச்சுது, 1990ல அந்த இடத்த அடக்குனா நடுக்கமும் இறுக்கமும் குறையுதுன்னு காட்டுனாங்க. ஃப்ரான்ஸ்ல பெனாபிட்னு ஒரு டாக்டர் அதே காலத்துல மூளைக்குள்ள கரண்ட் விட்டு நடுக்கத்த நிறுத்தற வேலைல இருந்தாரு. ரெண்டும் சேந்து தான் இன்னிக்கு நெஞ்சுல பேட்டரி, மூளைல ஒயர்னு பண்ற டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன், ரெண்டு பேருக்கும் 2014ல லாஸ்கர் விருது. நம்ம ஊர்லயும் பண்றாங்க. பெரியப்பா இதுவரைக்கும் தலையாட்டுவாரு, அப்புறம் "அது சரி, நீ என்ன கண்டுபிடிச்ச"ன்னுவாரு, அங்க எனக்கு பதில் கிடையாது.

இப்ப கசப்பான பக்கம். இத சொல்லாம உங்கள இந்தப் பக்கம் வாங்கன்னு கூப்பிட்டா அது நியாயம் இல்ல.

இந்தத் துறையோட சரித்திரத்துல அசிங்கம் இருக்கு. 1981ல அமெரிக்காவுல சில்வர் ஸ்ப்ரிங்ங்கற ஊர்ல ஒரு லேப்ல கை நரம்பு துண்டிச்ச குரங்குங்கள வச்சிருந்த லட்சணத்த உள்ள வேலைக்கு சேந்த ஒரு விலங்குநல ஆர்வலர் படம் பிடிச்சு போலீஸ்ல குடுத்தாரு, 17 குரங்க போலீஸ் பறிமுதல் பண்ணுச்சு. வழக்கு வருஷக்கணக்குல இழுத்து, அங்க விலங்குநல சட்டம் 1985ல இறுகுனதுக்கு அது ஒரு பெரிய காரணம். சிக்கல் என்னன்னா, அதே குரங்குங்கள பத்து வருஷம் கழிச்சு பரிசோதிச்சப்பதான், வேலை இல்லாமப் போன கையோட இடத்த மூளைல முகம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல ஆக்கிரமிச்சிருக்குன்னு தெரிஞ்சுது, வளந்த மூளை அவ்வளவு மாறும்னு அதுவரைக்கும் யாரும் நம்பல. அந்த ஆராய்ச்சியாளர் எட்வர்ட் டாப், அவர் மேல இருந்த தண்டனை மேல்முறையீட்டுல ரத்தாச்சு, அவரே பின்னாடி உருவாக்குன சிகிச்சைல, நல்ல கைய கட்டிப்போட்டு பக்கவாதம் வந்த கைய வேலை வாங்கறது, இன்னிக்கு பல பேர் அந்தக் கைய திரும்ப பயன்படுத்தறாங்க. இத வச்சு அந்தக் கூண்டுங்க சரின்னு ஆயிடாது. நான் ரெண்டு பக்கமும் வாதாடி இருக்கேன், ரெண்டு பக்கமும் தோத்திருக்கேன்.

கிட்டத்துல நடந்தது டூபிங்கன். ஜெர்மனில மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல நிகோஸ் லோகோதெட்டிஸ்னு, எஃப்எம்ஆர்ஐ சிக்னலுக்கும் நியூரானுக்கும் என்ன சம்பந்தம்னு குரங்குல காட்டுன பெரிய ஆளு. 2014ல ரகசிய கேமரா வீடியோ ஒண்ணு டிவில வந்து, மிரட்டல் மேல மிரட்டல், 2015ல இனி குரங்குல வேலை பண்ண மாட்டேன்னு அறிவிச்சாரு, அப்புறம் சீனாவுக்கே போயிட்டாரு. வாசல்ல ஏன் போர்டு இல்லன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

பிஸ்கட் என்ன ஆனான்னு கேட்டா, நாலு வருஷம் என்கூட வேலை செஞ்சான், ரெண்டு பேப்பர் அவனால வந்துச்சு. எலக்ட்ரோட் நிஜமாவே எம்டிலதான் இருந்துச்சான்னு மூளைய அறுத்துப் பாத்தாதான் உறுதி, அதனால பெரும்பாலான குரங்குக்கு முடிவு மயக்க மருந்துல தான். சிலதுங்களுக்கு ஓய்வுக்கு இடம் கிடைக்கும், அவனுக்குக் கிடைக்கல. அன்னிக்கு நான் லீவு போட்டிருக்கலாம், ப்ரொஃபசர் போட்டுக்கோன்னுதான் சொன்னாரு. போடல, உலர்திராட்சை டப்பாவ எடுத்துட்டு நானே போய் கூட்டிட்டு வந்தேன், வழக்கம்போல தானாவே வந்து நாற்காலில உக்காந்தான். இத உங்களால பண்ண முடியுமான்னு இப்பவே யோசிச்சிக்கங்க. முடியாதுன்னா அது பலவீனம் இல்ல, மூளை ஆராய்ச்சில குரங்கத் தொடாம பண்ற வேலை எக்கச்சக்கமா இருக்கு. முடியும்னு பட்டுன்னு சொல்றவங்கள பாத்தாதான் எனக்கு கொஞ்சம் பயம்.

மாறிக்கிட்டும் இருக்கு. ஐஐஎஸ்சில ப்ரொஃபசர் அருண் லேப்ல 2021ல வந்த பேப்பர் பாத்தேன், நாற்காலியும் இல்ல, தலைய பிடிக்கறதும் இல்ல, பானெட் குரங்குங்க கூட்டமா பெரிய அறைல திரியும், இஷ்டப்பட்டா வந்து டச் ஸ்க்ரீன்ல விளையாடி ஜூஸ் குடிச்சிட்டுப் போகும், கண்ணு எங்க பாக்குதுன்னு கேமரா அங்கயே பிடிச்சிடும். அதுல ஒரு வேடிக்கை, ஒண்ணுமே தெரியாத ஒரு குரங்க, ஏற்கெனவே கத்துக்கிட்ட ரெண்டு குரங்குங்க கூட விட்டாங்க, அதுங்க பண்றத பாத்துப் பாத்தே கொஞ்ச நாள்ல அதுவும் வேலைய கத்துக்கிச்சு. நான் மாசக்கணக்குல தொண்டத்தண்ணி வத்த பிஸ்கட்டுக்கு சொல்லிக்குடுத்தத, சொந்தக்காரன் பக்கத்துல இருந்தா ஒரு வாரத்துல முடிச்சிருப்பானோ என்னவோ.

இப்ப உங்க மூணாவது கேள்வி. ஈசிஇ படிச்சிட்டு வரலாமா? தாராளமா. எங்க லேப்ல பாதிப்பேர் இன்ஜினியரிங், பிசிக்ஸ். இப்பல்லாம் ஒரே நாள்ல நூத்துக்கணக்குல நியூரானோட டேட்டா வந்து கொட்டுது, குரங்குக்குன்னே செஞ்ச நியூரோபிக்சல்ஸ் ப்ரோப்ங்கற புது மாதிரி எலக்ட்ரோட் 45 மில்லிமீட்டர் நீளம், நாலாயிரத்துக்கு மேல பாயிண்ட்டு, அதுல ஒரே நேரத்துல 384 சேனல் எடுக்கலாம். லீனியர் ஆல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, சிக்னல் ப்ராசஸிங் தெரிஞ்சவன் இல்லாம அந்த டேட்டாவ பாத்து கும்பிடு தான் போடலாம். செமஸ்டர்ல அரியர் வைக்காம தப்பிச்சா போதும்னு படிச்ச அந்த மூணு சப்ஜெக்ட்ட திரும்ப ஒழுங்கா படிங்க. பயாலஜிய ஒரு வருஷத்துல பிடிச்சிக்கலாம், எனக்கு முதல் வருஷம் தலாமஸ் எங்க இருக்குன்னே தெரியாது. சால்டரிங் தெரிஞ்சா லேப்ல உங்கள தலைல தூக்கி வச்சிக்குவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கிரவுண்ட் லூப் ஹம்ம, அதாவது எர்த் ஒயர் கோளாறால வர்ற இரைச்சல, கண்டுபிடிக்கறவன் தான் அங்க ஹீரோ.

இந்தியாவுலயே பண்ணணும்னா குரங்கு மூளை வேலைக்கு ஐஐஎஸ்சி நியூரோசயின்ஸ் சென்டர், ஹரியானா மானேசர்ல என்பிஆர்சிங்கற தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்த ரெண்டயும் முதல்ல பாருங்க. மனுஷ மூளைன்னா பெங்களூர்ல நிம்ஹான்ஸ் இருக்கு, சென்னைல ஐஐடில சுதா கோபாலகிருஷ்ணன் பிரெய்ன் சென்டர் இருக்கு, அங்க உயிரில்லாத கருக்குழந்தைங்களோட மூளைய ஆயிரக்கணக்கான சீவலா சீவி செல் செல்லா படம் எடுத்து 2024ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, இமேஜ் ப்ராசஸிங் பிடிச்சவங்களுக்கு அது ஒரு தங்கச் சுரங்கம். கேட் எழுதுங்க, நெட் எழுதுங்க. ஜேஆர்எஃப்ங்கற பிஎச்டி உதவித்தொகை 2023லேர்ந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. கேம்பஸ்ல ஆஃபர் வாங்குன உங்க கிளாஸ்மேட்டோட ஒப்பிடாதீங்க, ஒப்பிட்டா தூக்கம் வராது. அமெரிக்கான்னா அஞ்சாறு வருஷம், அவங்களே ஃபீஸ் கட்டி சம்பளமும் குடுப்பாங்க, சொந்தக் காசு போட்டு பிஎச்டி பண்றது இந்தத் துறைல தேவையே இல்ல, எவனாவது ஏஜென்ட் சொன்னா ஓடிடுங்க. குரங்கு லேப்னா ஒரு வருஷம் கூட சேத்து வச்சிக்கங்க, ஒரு பேப்பருக்கு வழக்கமா ரெண்டே ரெண்டு குரங்குதான், அதுல ஒண்ணு படுத்துக்கிச்சுன்னா உங்க பிஎச்டியும் படுத்துக்கும்.

லேப் தேடும்போது ப்ரொஃபசரோட பேப்பர் எண்ணிக்கைய விட அங்க இருக்கற பசங்ககிட்ட தனியா பேசுங்க. நான் போஸ்ட்டாக் போன இடத்துல, பேர் வேண்டாம், முதல் நாளே ஒருத்தன் "இங்க ஞாயித்துக்கிழமைங்கறது ஒரு அபிப்பிராயம்"னு சொன்னான், ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சேன். குரங்குக்கு வெட்னரி டாக்டர் இருந்தாங்க, தினமும் எடை பாத்தாங்க. போஸ்ட்டாக்க யாரும் எடை பாக்கல, ஒரு வருஷத்துல ஏழு கிலோ இறங்கிட்டேன்.

உடம்பு விஷயத்துல ஒண்ணு, இதுல விளையாட்டு கிடையாது. மக்காக்குங்கள்ல பலதுக்கு பி வைரஸ்னு ஒண்ணு இருக்கும், அதுங்களுக்கு வாய்ப்புண்ணு மாதிரி வந்து போயிடும், மனுஷனுக்கு வந்து மருந்து குடுக்காம விட்டா பெரும்பாலும் சாவுதான். 1997ல அமெரிக்காவுல இருபத்தி ரெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தர் கண்ணுல ஒரு சொட்டு தெறிச்சதுல இறந்துட்டாங்க, கடிக்கக்கூட இல்ல. அதுக்கப்புறம் கண்ண மூடுற கவசம் போடணும்னு ரொம்ப கறாரா சொல்ல ஆரம்பிச்சாங்க. கடி, கீறல், தெறிப்பு, எதுவா இருந்தாலும் வெக்கப்படாம உடனே பதினஞ்சு நிமிஷம் கழுவணும், அப்புறம் தான் யார் தப்புன்னு பேசறதெல்லாம். நம்மகிட்டேர்ந்து அதுங்களுக்கு டிபி தொத்தும், அதனால நமக்கும் டெஸ்ட் உண்டு.

உங்களுக்கு இப்போதைக்கு செலவில்லாத ஒரு வேலை தர்றேன். பிஸ்கட்ட பைத்தான்ல எழுதுங்க, முப்பது வரி தாண்டாது. கேள்வி இடது வலதுன்னு சரிபாதி, தப்பா சொன்னா அதே கேள்வி திரும்ப, குரங்கு எப்பவும் முதல்ல இடது, தப்பானா வலது. பத்தாயிரம் ட்ரையல் ஓட்டுனா 67 வரும். அப்புறம் இடது கேள்விய 70 சதவீதமா மாத்தி ஓட்டிப் பாருங்க. 77 வரணும், வரலேன்னா உங்க லூப்ல தப்பு இருக்கு.